நான்கு கேமரா, ஒரு கொள்ளை, மூன்று நேரம்

பொருள்: நான்கு கேமராக்கள், ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள பதிவுப் பெட்டி. வாங்கியது 2021 பிப்ரவரி, கிருஷ்ணகிரியில். மாட்டும் கூலியோடு 21,500 ரூபாய். மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. அந்த அரை மதிப்பெண் கேமராவுக்கு உரியதல்ல, என் மாமனார் காலத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு உரியது.

டப்பாவைப் பிரித்த கையோடு எழுதும் மதிப்புரைகளைப் படித்திருக்கிறேன். படம் பளிச்சென்று இருக்கிறது, செல்போனிலும் தெரிகிறது, மாட்ட வந்த தம்பி மரியாதையாகப் பேசினார், ஐந்து நட்சத்திரம். வாங்கிய வாரத்தில் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் இதை எழுதுவது, அதே கேமராக்கள் எடுத்த படத்தைச் சாட்சிக் கூண்டில் நின்றபடி ஒன்றரை மணி நேரம் பார்த்த பிறகு.

எங்களுடையது புளி மண்டி. மாமனார் தொடங்கியது, கணவர் நடத்தியது, பதினோரு ஆண்டுகளாக என் கையில் இருக்கிறது. மாசி, பங்குனியில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். அந்த இரண்டு மாதமும் கல்லாவில் ரொக்கம் புரளும். மரம் குத்தகைக்கு எடுத்தவர்கள், கொட்டை எடுக்கும் பெண்கள், லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கையில் பணம்தான் வேண்டும். 2021 ஜனவரியில் ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் துப்பாக்கியைக் காட்டி 25 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனார்களே, அவர்களை மறுநாளே ஐதராபாத் பக்கம் பிடித்தார்கள். அந்தச் செய்தி வந்த கையோடு எங்கள் தெருவில் ஏழு கடைகள் கேமரா மாட்டின. எட்டாவது நான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பகலில் படம் தெளிவு. ஒரு லோடு இறங்கும்போது முப்பத்தாறா முப்பத்தேழா என்று சண்டை வந்தால் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தீர்த்துவிடலாம். அந்த வகையில் முதல் ஆண்டிலேயே போட்ட பணத்தில் பாதி திரும்பிவிட்டது. பதிவு ஏறக்குறைய இரண்டு வாரம் நிற்கும். கம்பிகளை ஒழுங்காகக் குழாய்க்குள் இழுத்துக் கட்டியிருந்தார்கள், எலி கடிக்கவில்லை. புளி மண்டியில் எலி கடிக்காத கம்பி என்பது சின்ன விஷயம் இல்லை.

இரவில் கதை வேறு. இருட்டில் பார்ப்பதற்காகக் கேமராவைச் சுற்றிச் சின்ன விளக்குகள் இருக்கின்றன. அந்தக் கதகதப்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலை ஒரு இழை கண்ணாடிக்கு முன்னால் தொங்கினால் போதும், படம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். வாரம் ஒரு முறை ஒட்டடைக் கம்பால் தட்ட வேண்டும் என்று வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

இனி, 2022 மார்ச் 11, வெள்ளிக்கிழமை.

பூஜைக்குக் கற்பூரம் ஏற்றி முடித்து உட்கார்ந்தேன். மூன்று பேர் வந்தார்கள். இருவர் உள்ளே, ஒருவன் வெளியே வண்டியில். முகக்கவசம் அணிந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் முகக்கவசம் இல்லாமல் வந்தால்தான் ஏற இறங்கப் பார்ப்போம். ஒருவன் கத்தியை எடுத்தான். இடக்கையில் கத்தி, வலக்கையால் கல்லா இழுப்பறையை இழுத்தான். அந்த இழுப்பறை மழைக்கும் வெயிலுக்கும் உப்பிப்போய் இறுகியிருக்கும். பழகின கைக்குத்தான் வரும். அவன் குனிந்து வெடுக்கென்று இழுத்ததில் முகக்கவசம் மூக்கைவிட்டு நழுவித் தாடைக்கு வந்துவிட்டது. மூன்று நொடி இருக்கும். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். 3,40,000 ரூபாய் போயிற்று. சுவர்க் கடிகாரத்தில் இரவு மணி ஏழு ஐம்பது.

"கேமரா இருக்கிறதே அம்மா, கவலைப்படாதீர்கள்" என்று அன்றிரவு பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். வாசல் கேமரா மூவரையும் எடுத்திருந்தது. மூவருக்கும் தலை இருந்தது, முகம் இல்லை. தெரு விளக்கு அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் கருப்பு உருவங்களாக வந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடைந்தது. என் மேசைக்கு எதிரே, வாசல் நிலைக்கு மேல் இருந்த மூன்றாவது கேமரா கத்தியை எடுத்திருந்தது. ஆனால் அது என்னைப் பார்த்து நிற்கிற கேமரா. அவர்களுடைய முதுகுதான் அதில் இருக்கிறது. முகக்கவசம் நழுவிய அந்த மூன்று நொடியில் என் முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. திருடன் முகம் வேண்டும் என்றால் கொள்ளை போனவள் முகம் கிடைக்கிறது.

விற்றவர் சொல்லாத ஒரு கணக்கை இந்த ஆண்டு புதிதாக மாட்ட வந்த பையனிடம் கற்றுக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒருவரைப் படத்தை வைத்து இன்னார் என்று சொல்ல வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகளாவது படத்தில் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தர அளவு ஒன்று இருக்கிறது. தெரிந்தவரை அடையாளம் காண 125 போதும். என்னுடையது இரண்டு மெகாபிக்சல் கேமரா, குறுக்கே 1920 புள்ளிகள். 1920ஐ 250ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். காட்சி அதற்குமேல் அகன்றால் முகம் தேறாது. பரந்த காட்சிக்கான 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் கேமராவிலிருந்து மூன்று மீட்டர் தாண்டியதுமே அந்த அகலம் வந்துவிடும். எனக்கு விற்றவர் "முழுத் தெருவும் விழும் அம்மா" என்று பெருமையாகச் சொல்லித்தான் மாட்டினார். விழுந்தது, முழுத் தெருவும். வாசலுக்கு மேலே ஒன்பதடி உயரத்தில் மாட்டியதால் தொப்பிகளின் உச்சியும் நன்றாக விழுந்தது.

காவல் துறையினர் மறுநாள் பதிவுப் பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது சான்றுப் பொருளாகி இன்றுவரை திரும்பவில்லை. வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: களவு போனால் பணம் மட்டும் போகாது, பெட்டியும் போகும். கேமராக்கள் சுவரில் சும்மா தொங்கக் கூடாதே என்று 5,800 ரூபாய்க்கு வேறு பெட்டி வாங்கி இணைத்தேன்.

சான்றிதழ் ஒன்று வேண்டும் என்றார்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. இந்தப் பதிவு இன்ன இயந்திரத்தில் எடுத்தது, அது என் பொறுப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று நான் கையெழுத்திட வேண்டும். இது இல்லாமல் நகலெடுத்த பென் டிரைவ் சாட்சியமாகாது என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. இப்போது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம், 63ஆம் பிரிவு; சான்றிதழில் இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி என்று இரண்டு பேர் எழுத வேண்டும், கோப்பில் கை வைத்தால் மாறிவிடுகிற அடையாள எண்ணான ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். எனக்குப் பழைய சட்டம்தான். "ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது" என்ற வரியைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த வரி பின்னால் என்னைக் கடித்தது.

ஆட்களைப் பிடித்தபின், அன்று அவர்களைப் பார்த்த என்னையும் கணக்குப்பிள்ளையையும் மூட்டை இறக்கும் அண்ணனையும் அடையாள அணிவகுப்புக்குச் சேலம் மத்திய சிறைக்கு வரச் சொன்னார்கள். தொப்பூர் கணவாய் இறங்கும்வரை கணக்குப்பிள்ளை பேசவே இல்லை. அங்கே எங்களைத் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். போய் வந்தவர் போகாதவரோடு பேசக் கூடாது. மாஜிஸ்திரேட் மட்டும்தான், போலீஸார் கிடையாது. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நிறத்தில் வரிசையாக ஆட்கள், நடுவில் பிடிபட்டவர்கள். ஒரு சுற்று முடிந்ததும் பிடிபட்டவர்கள் சட்டையை மாற்றிக்கொள்ளலாம், இடம் மாறி நிற்கலாம். மூன்று சுற்றிலும் நான் ஒரே ஆளைத் தொட்டுக் காட்டினேன். மூன்றாவது முறை அவன் என்னைப் பார்க்காமல் என் வளையலைப் பார்த்தான்.

கணக்குப்பிள்ளை உள்ளே போய், பார்த்து, "எனக்குத் தெரியவில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வண்டியில் திரும்பும்போது "நான் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் அம்மா, முகத்தைப் பார்க்கவில்லை" என்றார். கோபம் பாலக்கோடு பிரிவுச் சாலை வந்தபோதும் தீரவில்லை. இப்போது நினைத்தால் அவர்தான் எங்களில் நல்ல சாட்சி.

மூட்டை இறக்கும் அண்ணன்தான் வெளியே வண்டியில் இருந்தவனைப் பார்த்தவர். வரிசையில் அவனைச் சரியாகவே காட்டினார். ஆனால் குறுக்கு விசாரணையில், இதற்கு முன் அவன் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "ஆமாம், செல்போனில் ஒரு போலீஸ்காரர் காட்டினார், இவன்தானே என்றார்" என்று சூதுவாது இல்லாமல் சொல்லிவிட்டார். அதோடு அந்த ஆள் வழக்கிலிருந்து கழன்றான். முன்னால் படத்தைக் காட்டிவிட்டால் அவர் நினைவிலிருந்து எடுத்தது சம்பவத்தன்று பார்த்த முகமா, செல்போன் முகமா என்று யாரால் சொல்ல முடியும்? அணிவகுப்பு என்பதே தனிச் சாட்சியம் இல்லை. நீதிமன்றத்தில் நேருக்கு நேர் காட்டுவதற்கு அது துணை. துணை பழுதானால் கூண்டில் காட்டுவதும் தள்ளாடும்.

என் சாட்சியம் 2024இல் வந்தது. கத்தியைக் காட்டியதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொள்ளைக்கான 392ஆம் பிரிவோடு 397ஆம் பிரிவும் சேர்ந்திருந்தது. 397 என்றால் குறைந்தது ஏழு ஆண்டு. ஆனால் கத்தியைப் பயன்படுத்தியவனுக்கு மட்டும்தான் அது பொருந்தும், கூட வந்தவனுக்குப் பொருந்தாது. ஆகவே மூவர் வந்தார்கள் என்று நிரூபித்தால் போதாது. கத்தி எவன் கையில் இருந்தது என்பதுதான் வழக்கின் பாதி.

நான் இடக்கை என்றேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடிக்கணினியில் மூன்றாவது கேமராவின் படத்தை ஓடவிடச் சொன்னார். கத்தி வலக்கையில் இருந்தது.

"அம்மா, இது உங்கள் கேமராதானே?"

"ஆமாம்."

"ஒழுங்காக ஓடியது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"கத்தி எந்தக் கையில் என்றே சரியாகப் பார்க்காத நீங்கள், மூன்று நொடி பார்த்த முகத்தை மறக்கவில்லை என்கிறீர்கள்?"

பிறகு நேரத்துக்கு வந்தார். புகாரில் ஏழு ஐம்பது. படத்தின் மூலையில் பெட்டி அச்சடித்த நேரம் ஏழு பதின்மூன்று. படத்துக்குள்ளே என் தலைக்குப் பின்னால் தொங்கும் சுவர்க் கடிகாரத்தில் நான்கு பத்து. "ஒரே கொள்ளைக்கு மூன்று நேரமா? அல்லது மூன்று கொள்ளையா?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பெட்டியின் நேரம் தப்பு என்பது எனக்குத் தெரியும். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அது பின்தங்கும். உள்ளே நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கிறது, அது செத்தால் அப்படித்தான் ஆகுமாம். ஆண்டுப் பராமரிப்புக்கு 2,500 ரூபாய் வாங்கியவர்கள் இரண்டு முறை போன் செய்தும் வரவில்லை. பெட்டியை எடுத்தவர்களும் உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் குறிப்பில், எழுதவில்லை. ஆனால் நான்கு பத்து? அந்தக் கடிகாரம் என் மாமனார் காலத்திலிருந்து தப்பியதே இல்லை.

படத்தை மறுபடியும் ஓடவிட்டார்கள். நான் கத்தியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்தேன். அதன் நொடிமுள் சிவப்பு, நீளமானது. அது பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்குப் போயிற்று. அங்கிருந்து பத்துக்கு.

"ஐயா, கடிகார முள் பின்னால் சுற்றுகிறது" என்றேன்.

நீதிபதி படத்தை நிறுத்தச் சொல்லி, மீண்டும் ஓட்டச் சொன்னார். இந்த முறை அரசு வழக்கறிஞரும் மேசையை விட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். முள் பின்னால்தான் சுற்றியது. ஏழு ஐம்பதைக் கண்ணாடியில் பார்த்தால் நான்கு பத்து. கத்தியும் அப்படித்தான். இடம் வலமாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டு யாருக்கும் இது தெரியாமல் போனது எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் கேமரா எனக்கு எதிரே இருக்கிறது. ஒழுங்கான கேமராவில் என் இடக்கை திரையின் வலப்பக்கம் தெரிய வேண்டும். இதில் இடப்பக்கமே தெரிந்தது, பீரோக் கண்ணாடியில் தெரிவது போல. நாம் நம்மைப் பார்த்துப் பழகியதே கண்ணாடியில்தானே, இயல்பாகத் தோன்றிவிட்டது. சுவரில் இருந்த ஒரே எழுத்து தினசரி காலண்டர். அதில் அன்றைய தேதி 11. அதை எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் 11தான்.

அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு மாட்டிய தம்பியைச் சாட்சியாக அழைத்தார். நிலைக்கு மேலே உத்தரம் இடித்ததால் கேமராவைத் தலைகீழாக மாட்டினாராம். படமும் தலைகீழாக வந்ததாம். முழுதாகச் சுற்றிவிட வேண்டியதற்குப் பதில் மேல்கீழை மட்டும் புரட்டியிருக்கிறார். தலை மேலே வந்துவிட்டது. இடவலம் மாறியே நின்றுவிட்டது. "தலை நேராக வந்துவிட்டது, சரி என்று விட்டுவிட்டேன்" என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்காக அவருக்கு நன்றி. அதற்காக மதிப்பெண் தர மாட்டேன்.

சாட்சி சொல்லிவிட்டு வந்த அன்று மாலை மூன்றாவது கேமராவுக்கு முன் நின்று இடக்கையைத் தூக்கினேன். கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்து "வலக்கை அம்மா" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். அது எந்தக் கையால் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாவது ஆளைப் பிடித்துக் கொடுத்ததில் கேமராவுக்குப் பங்கே இல்லை. அவன் காட்டிய இடத்தில் ஒரு கட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு பிரிக்காமல் கிடைத்தது. மூட்டை தைக்கும் சணலில் நான் போட்ட முடிச்சு, உள்ளே என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "11/3, ஒன்று குறை." எண்ணும்போது ஒரு நோட்டு கிழிசலாக இருந்ததால் உருவி வைத்திருந்தேன். நீதிமன்றத்தில் என் கண்ணெதிரே முடிச்சை அவிழ்த்து எண்ணினார்கள். தொண்ணூற்றொன்பது. திருட்டுப் பொருளைக் களவு போன சூட்டோடு வைத்திருப்பவன் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு டெராபைட் பெட்டி செய்யாத வேலையை ஒரு விரற்கடைக் காகிதம் செய்தது.

2025 தொடக்கத்தில் தீர்ப்பு. கத்தி வைத்திருந்தவனுக்கு ஏழு ஆண்டு, கட்டு வைத்திருந்தவனுக்கு ஐந்து. வண்டியில் இருந்ததாகச் சொல்லப்பட்டவன் விடுதலை. அவன்தானா என்பது எனக்கும் தெரியாது. நான் அவனைப் பார்க்கவில்லை.

பழைய கேமராக்களைக் கழற்றிவிட்டேன். இப்போது காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் புதிதாக மாட்டியிருக்கிறான். 26,000 ஆயிற்று. வாசலுக்கு ஒன்று முகமட்டத்தில், குறுகிய காட்சியாக, கதவு அகலம் மட்டும் பார்க்கிறது. தெரு முழுக்கப் பார்க்க வேறு ஒன்று. என் முதுகுக்குப் பின்னால் ஒன்று, வருகிறவர் முகத்துக்கு நேராக. பெட்டியின் நேரத்தை இணையத்தோடு இணைத்துவிட்டான். பதிவைப் பென் டிரைவில் எடுப்பது எப்படி என்று கணக்குப்பிள்ளையையே மூன்று முறை செய்ய வைத்தான். இதற்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அவன் இடக்கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, ஒவ்வொரு கேமராவுக்கும் முன்னால் போய் நிற்கச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நின்றான். முதல் மூன்றும் சரி. கிடங்கில் உள்ள நான்காவதில் பேனா வலக்கையில் இருந்தது. "அம்மா, இரண்டு நிமிடம்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கினான்.